நான்கு கோட்டில் ஒரு பனியாறு

ஆசிரியப் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில், காஞ்சிபுரத்தில் நடந்த கண்காட்சிக்கு நான் ஒரு வரைபடம் போட்டேன். கங்கை பிறக்கும் பனியாறு காலப்போக்கில் பின்வாங்கிப் போவதைக் காட்டும் படம். புத்தகத்திலிருந்த மூலப்படத்தில் மலைப்பெயர்களும் உயர எண்களும் வண்ணங்களும் கண்ணை மொய்த்தன. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கடைசியில் வெள்ளை அட்டையில் நான்கு கருப்புக் கோடுகள் மட்டும் நின்றன. ஒவ்வொன்றும் பனி ஒரு காலத்தில் எட்டியிருந்த எல்லை. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும் என்று எனக்குக் கர்வம். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அதைப் பார்க்க என் அப்பா, நைனா, உத்திரமேரூரில் பஸ் பிடித்து வந்தார். அவர் என் மேசைக்கு வந்த நேரத்தில்தான் சிறப்பு விருந்தினரான தாசில்தாரும் வந்தார். அவர் யாரென்று நைனாவுக்குத் தெரியாது.

"என்னம்மா, அட்டையில ஒண்ணுமே காணோமே?" என்றார் தாசில்தார்.

நான் வாய் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். "இன்னா வாத்யாரே, இது கூடவா தெரில? எங்க ஏரி மாதிரியே கீது பாரு. தண்ணி உள்ள போவப் போவ இப்டித்தான் கோடு வுட்டுக்கினே போவும்."

தாசில்தார் சிரித்தார். "தண்ணி போன எடத்தை என்ன பண்ணுவீங்க?"

"சும்மாவா வுடுவோம்? கேவுரு போட்டுகீறேன். வந்து பாரு, இடுப்பு ஒசரம் நிக்கிது."

ஏரியின் உள்வாய், தண்ணீர் வற்றிய படுகை, அரசாங்க நிலம். அதில் கேழ்வரகு போடுவது ஊருக்கே தெரியும். அதிகாரி காதில் போடக்கூடாது என்பதும் தெரியும். எங்களுக்கு வேறு நிலமும் இல்லை.

"எந்த ஊரு, பெரியவரே?"

நைனா பெருமையாகச் சொன்னார். பின்னால் நின்ற குமாஸ்தா குறித்துக்கொண்டார். ஏதாவது சொல்லி மாற்றியிருக்கலாம். நான் அட்டையின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஊரைக் கேட்டவர் தாசில்தார் என்று சொன்னேன். நைனா அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். "நீ பேரு கீரு எய்தி ரொப்பியிருந்தா எனக்கு ஒரு எழவும் புரிஞ்சிருக்காது. வாய மூடிக்கினு வந்திருப்பேன்" என்றார். அதில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஜீப் வந்து பயிரை அழிக்கும் முன் கிடைத்தது மிஞ்சட்டும் என்று மறுநாளே அறுக்க இறங்கினோம். கதிர் முற்ற இன்னும் நாள் இருந்தது. கரைமேல் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா அரிவாளை முந்தானையில் மறைத்தாள். நான் பயிருக்குள் இன்னும் தாழக் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. நாங்கள் மூவரும் கையில் அரிவாளோடு நின்றோம். அது கரைமேல் புழுதி கிளப்பிக்கொண்டு, நிற்காமல், அடுத்த ஊரான மானாம்பதிப் பக்கம் போயிற்று.

நைனா களத்துக்குப் போய் அறுத்துப் போட்டதில் ஒரு கதிரைக் கசக்கினார். மணி முற்றவில்லை; விரலெல்லாம் பால்.