மணிக்காரர் குடியிருந்த ஆலயம்

அந்தச் சிற்றூர் மெதடிஸ்ட் ஆலயத்தின் முகப்புச் சுவரில் பதினோரு கல்வெட்டுகள் இருந்தன. ஆறாவது கல், முன்மண்டபத்துக்குச் சுவர் எழுப்பியதைச் சொல்லும். ஏழாவது கல், அந்தச் சுவரை இடித்துக் காற்றோட்டம் உண்டாக்கியதைச் சொல்லும். இரண்டுமே தேவ மகிமைக்காகத்தான். மெதடிஸ்ட் போதகர்களுக்கு ஓரிடத்தில் வேர்விட அனுமதி கிடையாது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மாநாடு கூடி, பிடுங்கி வேறிடத்தில் நடும். அதனால் வருகிற ஒவ்வொருவரும் பெட்டியை அவிழ்க்குமுன் சுவரில் எங்கே இடம் மிச்சமிருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

பதினோரு கற்களையும் சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைத்தவர் மணிக்காரர். இருபத்திரண்டு வயதில், கோபுரம் கட்ட வந்த கொத்தனார் கூட்டத்தோடு சாந்து சுமக்க வந்தவர். சாரத்தைப் பிரித்ததும் கூட்டம் போயிற்று. புது மணியை அடிக்க ஆள் வேண்டுமே என்று இவரை நிறுத்திக்கொண்டார்கள். பெருக்குவது, பெஞ்சு துடைப்பது, திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவது, வௌவால் விரட்டுவது எல்லாம் அந்த ஒரு பெயருக்குள் அடக்கம். குடியிருக்க, ஆலயத்துக்குப் பின்னாலிருந்த நீண்ட அறையைக் கொடுத்தார்கள்.

அறை கொஞ்சம் விசித்திரமானது. சன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேல் தொடங்கி வளைவாக முடியும். தெருவில் போகிறவரைப் பார்க்க முடியாது, வானத்தை வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கோடியில் தரை ஒரு முழம் உயர்ந்திருந்தது. அவர் மனைவி அந்த மேடையில் அடுப்பை வைத்துக்கொண்டாள்.

"நான் மேல உக்காந்து சமைக்கிறேன். நீங்க கீழ நின்னு கையேந்துறீங்க. இதுக்குத்தான் கொடுத்து வச்சிருக்கணும்கிறது" என்பாள்.

கல்யாணமான மறுவருடம், புகை படிந்த சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கப் போனார். ஏழெட்டுப் பூச்சுக்கு அடியிலிருந்து நீல எழுத்துகள் வந்தன. சபை தொடங்கிய வருடம். அதன் கீழே, 'இந்த ஜெபவீட்டில் வருகிறவர் எவருக்கும் இடம் உண்டு.' ஊரின் முதல் ஆலயத்தில்தான் அவர்கள் இவ்வளவு நாளாகச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், முதல் ஆலயம் எதுவென்று சபைக்கு ஏற்கெனவே தெரியும். பழைய போதகர் ஒருவர் தம் கார் நிற்கும் கொட்டகைதான் அது என்று ஆராய்ந்து, அதற்கெனத் தனிக்கல் பதித்துவிட்டுப் போயிருந்தார். வருடந்தோறும் சபை தினத்தன்று நூற்றைம்பது பேர் பாட்டுப் பாடிக்கொண்டு போய் அந்தக் கொட்டகைக்கு முன்னால் முழங்காலிடுவார்கள். சிலர் அழுவார்கள். அங்கே பெருக்குகிற மணிக்காரருக்கு மட்டும் சுவரில் பதித்த இரும்பு வளையங்களும், மூலையில் கிடந்த கல்தொட்டியும், தரையிடுக்கில் கிடைத்த லாட ஆணிகளும் வேறு கதை சொல்லின. அது முதல் மிஷனரியின் குதிரை லாயம்.

"சொல்லிடட்டுமா?" என்று அப்போது மனைவியைக் கேட்டார்.

"சொல்லுங்க. அடுப்பைத் தூக்கி வெளிய வச்சிட்டு, இங்க மெழுகுவத்தி ஏத்திடுவாங்க. நாம குதிரை இருந்த எடத்துக்குப் போயிடலாம்."

அவர் நீல எழுத்தின் மேல் வெள்ளையடித்தார். முப்பத்தொரு வருடம் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு சபை தினத்திலும் கொட்டகை முன்னால் எல்லோரோடும் முழங்காலிட்டார். எழுந்திருப்பதில் மட்டும் முதல் ஆளாக இருந்தார்.

சபைக்கு நூறு வயதாகப்போனபோது பன்னிரண்டாவது கல்லுக்குரிய போதகர் வந்தார். முகப்பில் இடமில்லாததால் அவருக்கு ஒரு கல் மட்டும் போதவில்லை, கல் பதிக்கப் புதுச் சுவரே தேவைப்பட்டது. நூற்றாண்டு மண்டபம் என்றார். பின்னாலிருக்கும் பாழடைந்த அறையை இடித்தால் இடம் கிடைக்கும் என்றார். பாழடைந்த அறை என்றால் எது என்று மணிக்காரர் ஒரு கணம் தேடினார்.

"நீங்க கேட் பக்கத்து ஜெனரேட்டர் ரூமுக்கு மாறிக்கலாம்" என்றார் போதகர், பெரிய மனதோடு.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கேட்டாள்: "ஜெனரேட்டர் எங்க போகுமாம்?"

"அதுவும் அங்கதான் இருக்குமாம்."

"அப்ப மூணு பேரா இருக்கலாம். உங்களுக்காவது பேச்சுத் துணை." பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். "சொல்லலைன்னா இடிப்பாங்க. சொன்னா கும்பிடுவாங்க. ரெண்டுலயும் நமக்கு எடமில்ல. இடிக்கிறதுக்குக் கும்பிடுறது தேவலாம், சுவராவது நிக்கும். போய்ச் சொல்லுங்க."

மறுநாள் போதகரும் செயலரும் வந்தார்கள். செயலர் நில அளவைத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சபையின் நூற்றாண்டு வரலாற்றைப் புத்தகமாக எழுதியவரும் அவரே. மணிக்காரர் அடுப்பை நகர்த்திவிட்டுக் கரண்டிக் காம்பால் சுவரைச் சுரண்டினார். நீலம் எழுத்தெழுத்தாக வெளியே வந்தது. மூன்று பேரும் மேடையில் நின்றார்கள். யாரும் செருப்பைக் கழற்றவில்லை.

"அப்போ கொட்டகை?" என்றார் போதகர்.

"குதிரை லாயங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"தொட்டி இருக்குதுங்களே ஐயா."

"அது ஞானஸ்நானத் தொட்டி" என்றார் செயலர். புத்தகத்தில் முப்பத்தாறாம் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்.

"ஞானஸ்நானத்துக்குக் கொள்ளு எதுக்குங்க? அடியில இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு."

புத்தகம் ஐந்நூறு பிரதி அச்சாகி, கட்டுப் பிரிக்காமல் அலுவலகத்தில் இருந்தது. அட்டையில் கொட்டகை, பூமாலையோடு, வண்ணத்தில். பேராயர் வரப்போகிறார். அவரையும் முழங்காலிட வைப்பதாக நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நூற்றைம்பது பேரும் முழங்காலைத் தடவிக்கொண்டே போதகரைப் பார்ப்பார்கள். சொல்லாமல் இடித்தாலோ, சுரண்டியவர் சும்மா இருப்பாரா? இருவரும் மணிக்காரரைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்து கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மண்டபம் வேற எடத்துல பாத்துக்கலாம்" என்றார் போதகர். "நீங்க இங்கயே இருங்க. சுவத்துக்கு மட்டும்…"

"சுண்ணாம்பு" என்று முடித்தார் செயலர். "நல்லா கெட்டியா."

அவர்கள் போனதும் மனைவி சுவரை ஒருமுறை வாய்விட்டு வாசித்தாள். "எவருக்கும்னு போட்டிருக்கே. குதிரையையும் சேத்துச் சொல்லியிருப்பாங்களோ?" மணிக்காரர் அன்று சிரித்த சிரிப்பில், சுண்ணாம்படிக்க எடுத்த தூரிகை கையிலிருந்து விழுந்தது.

நூற்றாண்டு மண்டபம் கடைசியில் ஒரு நுழைவு வளைவாகச் சுருங்கியது. கல் மட்டும் சுருங்கவில்லை. போதகர் மாற்றலாகிப் போனார். அடுத்தடுத்து வந்தவர்களிடம் செயலர், "மணிக்காரர் வீட்டைத் தொட வேண்டாம்" என்பார். காரணம் சொல்லமாட்டார். போகப்போக அது சபையின் சட்டங்களில் ஒன்று என்றே எல்லோரும் நம்பினார்கள்.

ஒரு மழைக்காலத்தில் ஓடு உடைந்து அறை ஒழுகியது. மணிக்காரர் மூன்று முறை மனு எழுதினார். மூன்றையும் ஜெபத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நாலாவது முறை மனு எழுதவில்லை. ஆராதனை முடிந்து வந்த செயலரிடம், பத்துப் பேர் நிற்கும்போது, மிகவும் பணிவாகச் சொன்னார்:

"ஐயா, தண்ணி சுவத்துல எறங்குது. சுண்ணாம்பு கரையுது."

மறுநாள் விடிந்ததும் நாலு ஆட்கள் கூரைமேல் இருந்தார்கள். அதன்பின் அவர் இருந்த ஆறு வருடமும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்த அறையில்தான், காய்ந்த படுக்கையில், யாரும் காலி செய்யச் சொல்லாமல் அவர் இறந்தார். மனைவி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை.