வாசிப்பு வகுப்புக்கு வந்த கடிதம்

மாத்தளை நகரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கற்கை நிலையம் இருந்தது. அங்கே நான் ஆங்கிலம் படிப்பித்தேன். சமாதான ஒப்பந்தம் காகிதத்தில் மட்டும் மிஞ்சியிருந்த காலம் அது. என் கணவருக்குக் கச்சேரியில், மாவட்ட அரச செயலகத்தில், வேலை. இருவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் என்பது அடையாள அட்டையில் எழுதப்பட்டிருந்தது. நகருக்கு வெளியே பலாபத்வலயில் இராணுவம் பஸ்ஸை மறித்துச் சோதித்தால், மற்றவர்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் நாங்கள் இருவரும் வீதியில் நின்றுகொண்டிருப்போம்.

நிலையத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வேலை செய்துகொண்டே பட்டப்படிப்புப் படித்தவர்கள். சனிக்கிழமைகளில் மட்டும் வருவார்கள். மற்றப் பாடங்களைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதலாம். ஆனால் ஆங்கில வாசிப்பில் சித்தியடையாவிட்டால் பட்டம் கிடையாது. அதற்காகத் தலைமையகம் எட்டுக் கணினிகளையும் ஒரு மென்பொருளையும் அனுப்பியிருந்தது. நான் போனபோது ஐந்து கணினிகள்தான் வேலை செய்தன.

திரையில் ஏழெட்டு வரிகளில் ஓர் ஆங்கிலப் பந்தி தோன்றும். மூலையில் கடிகாரம் ஓடும். நேரம் முடிந்ததும் பந்தி மறைந்து கேள்விகள் வரும். எனக்கு அது முதலில் மிகவும் பிடித்திருந்தது. அதற்கு முன் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தபோது நான் வாசிப்பேன், அவர்கள் கருத்தைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். தாமாக ஒரு வரியை வாசித்தவர் யாருமில்லை. இப்போது அறை அமைதியாக இருந்தது, எல்லாருடைய கண்ணும் எழுத்தின் மேல் இருந்தது.

அந்த வகுப்பில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை இருந்தார். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை மிஸ் என்பார். திரையில் விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக வாசிப்பார். மூன்றாவது வரியைத் தொடும்போது பந்தி மறைந்துவிடும்.

"ஐயோ, ஓடிருச்சு மிஸ்," என்று சிரிப்பார். நாலைந்து வாரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

நேரத்தைக் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று நிலையப் பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். என் கண்முன்னாலேயே தலைமையகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அதை மாற்ற ஒரு கடவுச்சொல் வேண்டுமாம். அது தெரிந்தவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம். "நம்முடைய கையில் இல்லையே, மிஸ்," என்று சிங்களத்தில் சொல்லி ரிசீவரை வைத்தார்.

வேறு வழியில்லாமல் நான் அக்காவுக்குக் கடிகாரத்தை முந்தப் பழக்கினேன். மென்பொருளோடு வந்த கையேடும் அதைத்தான் சொன்னது.

"எல்லாச் சொல்லையும் வாசிக்காதேங்கோ அக்கா. சின்னச் சொல்லுகளை விட்டிடுங்கோ. பேர், ஊர், இலக்கம், பெரிய சொல்லுகள், இதுகளை மட்டும் கண்ணாலே பிடியுங்கோ."

அவர் நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகப் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் பாதிக்கு மேல் புள்ளி எடுத்தார். வில்கமுவவிலிருந்து வந்து பக்கத்தில் உட்காரும் பெண் கைதட்டினாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை வகுப்பு நடுவே மின்சாரம் போய்விட்டது. மற்றவர்கள் தேநீர் குடிக்க இறங்கிப் போனார்கள். அக்கா மட்டும் போகவில்லை. கைப்பையிலிருந்து பொலித்தீன் உறையில் சுற்றிய ஒரு கடிதத்தை எடுத்தார். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"மிஸ், இத நானே வாசிச்சேன். யாருகிட்டயும் குடுக்கல."

அதன் பிறகுதான் தம்பியைப் பற்றிச் சொன்னார். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். தங்கியிருந்த லொட்ஜைப் பொலிஸார் சுற்றிவளைத்த அன்று அவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எட்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. வகுப்பில் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாட்களில் இப்படியான விஷயத்தை யாரும் சொல்வதில்லை. கைதானவர்களைப் பற்றி விசாரிக்கும் ஓர் அலுவலகத்துக்கு யாரோ எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தை அனுப்பியிருந்தார். அதற்குப் பதில் ஆங்கிலத்தில் வந்திருந்தது.

"நேத்து சாயங்காலந்தான் வந்துச்சு. தம்பி பேரு இருக்கு. ஐசி நம்பரு இருக்கு. 'லிஸ்ட்'னு இருக்கு, 'ஃபவுண்ட்'னு இருக்கு. ஆள் இருக்கான்தானே மிஸ்?"

கடிதத்தை வாங்கினேன். நாலே வரி. அவர் சொன்ன சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. தம்பியின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாக இருந்தன. தங்களிடம் உள்ள பட்டியல்களில் இந்தப் பெயரைக் காண முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். 'நொட்' (not) என்ற அந்தச் சின்னச் சொல்லை அவர் விட்டுவிட்டார். விடச் சொன்னது நான்.

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். தெளிவாக எழுதவில்லை, இன்னொரு முறை கேட்போம் என்று சொல்லலாம். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க மிஸ்."

அந்தச் சொல்லின் கீழ் விரலை வைத்தேன். அவர் குனிந்து எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார்.

"நொட்... இல்லன்னுதானே?"

"ஓம் அக்கா."

அவர் அழவில்லை. கடிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்தார். "நாந்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றார். அதைப் பொலித்தீன் உறையில் சுற்றிக்கொண்டே, "அம்மாகிட்ட ராத்திரியே சொல்லிட்டேனே மிஸ். விடியக்காலையில எந்திரிச்சு எங்க லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாங்க," என்றார்.

மின்சாரம் வந்தது. மற்றவர்களும் வந்தார்கள். அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்து அன்றைய பந்தியைத் திறந்தார். நான் ஒவ்வொரு கணினியாகப் போய்ப் புள்ளி குறித்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வகுப்பு முடிந்ததும், இன்னும் தேடிப் பார்க்கும்படி அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டார். தட்டச்சுச் செய்து அச்செடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"கீழ உங்க பேரையும் போடுங்களேன் மிஸ். யுனிவர்சிட்டியில படிப்பிக்கிறவங்க கேட்டா கவனிப்பாங்க."

என் கை பேனாவுக்குப் போகவில்லை. "என்ர அவர் கச்சேரியிலை வேலை செய்யிறார் அக்கா... எங்கட அடையாள அட்டையிலை வேற யாழ்ப்பாணம் எண்டு..." என்று இழுத்தேன்.

"சரிங்க மிஸ், புரியுது," என்று அவர் உடனே தாளை எடுத்துக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே புரிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று கணவரிடம் சொன்னேன். "பேர் போடாமல் விட்டது நல்லது," என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். நான் எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனேன்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு சொல்லையும் விடாமல் வாசிக்கத் தொடங்கினார். விரல் ஒவ்வொரு சொல்லின் கீழும் நின்று நின்று நகரும். பந்தி பாதியில் மறையும். புள்ளிகள் பழையபடி இறங்கின. வேகமாக வாசியுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருட முடிவுப் பரீட்சை கணினியில் நடக்கவில்லை, தாளில் நடந்தது. தாளில் எழுத்து மறையாது. சாதாரணச் சித்தியோடு அவர் தப்பிக்கொண்டார். இதற்கிடையில் இன்னும் இரண்டு கடிதங்கள் எழுதிக் கொடுத்தேன், என் பெயர் இல்லாமல். பதில் வரவில்லை. அடுத்த வருடம் கணவருக்கு இடமாற்றம் வந்தது. நாங்கள் மாத்தளையை விட்டுப் போனோம்.

போர் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு ஒரு வேலையாக அங்கே போனபோது பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். முன்னைவிட மெலிந்திருந்தார். பாடசாலையில் மூன்றாம் வகுப்பு ஆங்கிலத்தை இப்போது அவரிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். தயங்கித் தயங்கித் தம்பியைப் பற்றிக் கேட்டேன்.

"ஒண்ணும் தெரியலைங்க மிஸ். அந்த ஆபீஸும் இப்ப இல்லையாம். இனி யாருக்கு எழுதணும்?"

பதிலுக்காக நின்றார். ஒரு பெயரோ முகவரியோ நான் சொல்வேன் என்று அவர் உண்மையாகவே நினைத்திருந்தார்.

"தெரியேல்லை அக்கா," என்றேன்.

ரத்தோட்டை பஸ் வந்தது. சனம் முண்டியடித்து ஏறியது. அவரும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார்.