அப்பாவின் படம் பேப்பரில் வந்த நாள்

நெரவியில் பிறந்து, பகலில் வயலும் விசேஷ நாட்களில் பேண்டு செட்டில் கிளாரினெட்டுமாக உழைத்து, சென்ற ஆண்டு எங்களைப் பிரிந்த அப்பாவை நினைத்து இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடமே போகாத அவர் என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தார்.

காரைக்காலில் கலை, இசைச் செய்திகள் எழுதும் நிருபர் ஒருவர் இருக்கிறார். அவர் டீ குடிக்க வரும் நேரம் பார்த்து, துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு அப்பா போய் நிற்பார்.

"சார், திருவேட்டக்குடியில ஒரு பொண்ணு வலை பின்னிக்கிட்டே பாடுது. கேட்டா எழுந்து வர மனசு வராது."

"அதுல என்னங்க புதுசு?"

"அப்ப இன்னொண்ணு இருக்கு சார்..."

எல்லாம் அடுத்தவர்கள் கதைதான். "உங்களப் பத்தி எப்பங்க எழுதுறது?" என்று நிருபர் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். அம்மாவுக்குப் பயம். எங்கள் உறவில் பேப்பரில் படம் வந்தவர்கள் எல்லாரும் கண்ணீர் அஞ்சலியில் வந்தவர்கள்தான்.

இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் அப்பா தாமாகவே நிருபரிடம் போனார். "இந்தத் தடவ என் கதைதான் சார். சீக்கிரம் போட்டுடுங்க." கிளாரினெட்டோடு படம் எடுத்துக்கொண்ட நிருபர், "பாக்கலாங்க" என்றார். அம்மாவிடம் நாங்கள் மூச்சுவிடவில்லை.

ஆபரேஷன் அன்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில், அப்பாவை உள்ளே கொண்டுபோய் வெகுநேரமாகியும் யாரும் வெளியே வரவில்லை. அப்போது அம்மாவின் தம்பி, என் மாமா, போனில் கதறினார்.

"அத்தான் எப்ப மாப்ள போனாரு? மாலையோட ஒங்க வீட்டு வாசல்ல நிக்கிறோம்டா!"

எங்களுக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்லிவிட்டார்களா? என் முகத்தைப் பார்த்தே அம்மா சுவரோரம் சரிந்தார். கதவை அடித்தேன்.

"தையல் போடுறாங்க. நல்லாத்தான் இருக்காரு. ஏங்க இப்புடி ஒடைக்கிறீங்க?" என்றார் நர்ஸ்.

எனக்கு உயிர் வந்தது. "ஒங்களுக்கு யாரு மாமா சொன்னா?"

"பேப்பர்ல போட்டோ வந்திருக்கேடா! கீழ உள்ளத யாரு படிச்சா? பாத்ததும் ஓடியாந்துட்டோம்."

பேசும் தெம்பு வந்ததும் அப்பா போனில் கேட்டார்: "மச்சான், மாலைய என்ன பண்ணுன?"

"வாய்க்கால்ல விட்டுட்டேன் அத்தான்."

"அடப்பாவி, திரும்ப ஒண்ணு வாங்கணுமே!"

மழைக்காலம் முடிவதற்குள் வாங்க வேண்டியதாயிற்று. அதையும் மாமாவே வாங்கி வந்தார்.

இரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், கடைசிவரை உடனிருந்த உறவினர்களுக்கும், நிருபர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. இந்த நினைவு மலரின் அட்டையில் இருப்பது அன்று பேப்பரில் வந்த அதே படம். அம்மாதான் எடுத்துக் கொடுத்தார்.

"பயந்துகிட்டுதான் நிக்கிறாரு. ஆனாலும் இதையே போடு. உசுரோட இருக்கையில வந்த போட்டோ."