ழகரக்காவும் ஒலிக்கோப்பும்

எங்கள் அலுவலகத்தில் ழகரக்கா என்று ஒருவர் இருக்கிறார். மென்பொருளைச் சோதிப்பது அவர் வேலை. எங்களைச் சோதிப்பது பொழுதுபோக்கு. மழையை யாராவது 'மளை' என்றுவிட்டால் அன்றைக்கு அவர்கள் நிம்மதியாக டீ குடிக்க முடியாது.

ஒரு மருத்துவமனைக்காகப் பேசும் திரை செய்துகொண்டிருந்தோம். வருகிறவர் தொட்டால், எந்த அறைக்கு எப்படிப் போவதென்று சொல்லும். சொற்களைத் தனித்தனியாகப் பதிந்து ஒட்டுவதுதான் முறை. குரல், அக்காவின் வீட்டுக்காரருடையது. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த மனிதர். இது பிடித்துப்போனால் மருத்துவமனையின் எல்லாக் கிளைகளுக்கும் அவரே நிரந்தரமாகப் பேசுவார். அக்கா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒலிக்கோப்புகளுக்குப் பெயர் வைப்பதற்கென்று ஒரு கூட்டம் போட்டோம். ஆங்கில எழுத்து, எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி கூடாது. இதுவரை சண்டையில்லை. ழகரத்துக்கு இஸட்-ஹெச் போட வேண்டும் என்றார் அக்கா. எல் போதும் என்றார் டீம் லீடர். அவருக்கு ஹெச் மேல் என்ன கோபமோ.

“கம்ப்யூட்டருக்கு நாக்கா இருக்கு, அக்கா? அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

ஒன்றாகத்தான் போயிற்று. மருத்துவமனைக்குக் கிளம்புகிற அவசரத்தில் லீடர் கடைசிக் கோப்புகளைச் சேர்த்தார். 'வழி'யும் வி-ஏ-எல்-ஐ, வலி நிவாரணப் பிரிவுக்காகப் பதிந்த 'வலி'யும் வி-ஏ-எல்-ஐ. பழையதை அழித்துவிடட்டுமா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகத்தான் கேட்டது. லீடர் எதைப் படித்திருக்கிறார், இதைப் படிக்க? சரி என்று அழுத்திவிட்டார். அக்காவிடம் சோதிக்கவும் கொடுக்கவில்லை.

மருத்துவமனையில் பெரிய டாக்டர் தொட்டதும் திரை கணீரென்று சொன்னது: “பல் டாக்டர் அறைக்குச் செல்லும் வலி, இடது பக்கம்.”

நர்ஸ்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. திரை நன்றாக இருக்கிறது, பேசுகிறவருக்குத்தான் ழகரம் வரவில்லை, ஆளை மாற்றிவிடுங்கள் என்றார்.

லீடர் திரையைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அவரை அழிக்கட்டுமா என்று யாராவது கேட்டிருந்தால் நானும் படிக்காமலே சரி என்று அழுத்தியிருப்பேன். குரலில் குறையில்லை, கோப்பின் பெயரில்தான் குளறுபடி என்று அக்கா சொல்லிப் பார்த்தார். டாக்டருக்கு அது சாக்காகத்தான் பட்டது. அக்கா வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டார்.

“ஏங்க, ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு எப்படி வரணும்?”

“வழி தெரியாமலா கிளம்பினே? முழுசாக் கேளு. பழக்கடையைத் தாண்டிக் கீழ இறங்கு. பழைய பாலத்துகிட்ட திரும்பாதே. போன தடவை அங்கதான் வழி தெரியாம நின்னு அழுதே. உனக்கு இதே பொழப்பு.”

ஒவ்வொரு ழகரமும் நாக்கு மடிந்து முழுசாக வந்து விழுந்தது. அக்கா அழுத கதை ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்தது. டாக்டர் அப்போதுதான் சிரித்தார். இவரே பேசட்டும் என்றார். லீடர் அன்றைக்கே உட்கார்ந்து எல்லாப் பெயரிலும் ஹெச் சேர்த்தார், தேவையில்லாத இடத்திலும்.

அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான்.

“வழி தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சிடுச்சுங்க,” என்றாராம் அக்கா. “நாளைலேர்ந்து நீங்களும் என்கூட வேலைக்குக் கிளம்பணும்.”