மசக்கைக்கு நான் கொண்டுவந்த மண்

தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்துவருவதற்குள் என் மனைவி சவரியம்மா வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். மூச்சு வாங்கியது. "ஒண்ணும் இல்லீங்க, வெயிலு" என்றாள். நானும் வெயில் என்றே நினைத்தேன்.

அவள் வெளுத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் எனக்கு வேலை. வெள்ளை மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றி கப்பு, ஜாடி எடுப்போம். நாள் முழுக்க வெள்ளையைப் பார்த்த கண்ணுக்கு வெளுப்பு தெரியவில்லை.

இது எங்களுக்கு இரண்டாவது. முதல் கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அந்தச் சமயம் அவள் நாவல்பழம் கேட்டாள். பருவம் இல்லை, கிடைக்கவில்லை. "மசக்கையில கேட்டது கிடைக்கல மாப்ள, அதான் தங்கல" என்று கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த என் மாமியார் சொன்னார். திட்டவில்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னார். அது எனக்குள் அப்படியே நின்றுவிட்டது.

இந்தத் தடவை நாலாம் மாதத்தில் அவள் மண் கேட்டாள். என் சட்டைப் பையில் கிடந்த சுடாத மண்துண்டைத் தின்று பார்த்திருக்கிறாள். "மழ பேஞ்ச வாசன வருதுங்க. நாளைக்குக் கொஞ்சம் கொண்டாறீங்களா?"

கொண்டுவந்தேன். சூளைக்குப் போகுமுன் உடைந்த கப்பின் காது, ஜாடியின் விளிம்பு. தினமும் ஒரு கைப்பிடி, காகிதத்தில் மடித்து. மேலே பளபளப்புக்குப் பூசுகிற மருந்து படாத துண்டாகத்தான் பொறுக்குவேன். அந்த மருந்து விஷம் என்று எங்களுக்குத் தெரியும். மண் கெடுதல் என்று தெரியாது. அவள் அதைக் கடிக்கும் சத்தம் கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இந்தத் தடவை கேட்டதைக் கொடுத்துவிட்டேன் அல்லவா.

மகள் குடத்தோடு வழியில் உட்கார்ந்ததைக் கேள்விப்பட்டு மாமியார் பஸ் ஏறி வந்தார். மறுநாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கு, நகம், கால் வீக்கம் பார்த்தார். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சிப் பார்த்தார்கள், உப்பு (புரதம்) இறங்குகிறதா என்று. கடைசியாகத் தூரம் (மாதவிலக்கு) ஆன தேதியைக் கேட்டு வாரக்கணக்குப் போட்டார். அந்த நாளிலிருந்து பிரசவத்துக்கு நாற்பது வாரம் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

பிறகு வயிற்றில் விரல் வைத்து அளந்தார். உள்ளே பார்க்கிற மிஷின் அப்போது இங்கே கிடையாது. விரலும் காதும்தான். கர்ப்பப்பை ஐந்தாம் மாதத்தில் தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே இருக்குமாம். ஏழில் தொப்புளைத் தாண்டி மேலே ஏறுமாம். ஒன்பதில் நெஞ்சுக்குழிக்கு வருமாம். சவரியம்மாவுக்குத் தொப்புளோடு நின்றிருந்தது.

விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ரத்தசோகை (ரத்தத்தில் சிவப்பு குறைவது) என்றார்.

"இருக்க வேண்டியதுல பாதிதான் இருக்குது. மண்ணு திங்கிறியா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"நான்தாங்க கொண்டாந்து தரேன்" என்றேன்.

"நீயா? எங்க வேல பாக்குற?"

"பீங்கான்லங்க. ஜாடி ஊத்துறது."

"அங்க ஊத்துறது பத்தாதுன்னு இவளையும் ஜாடி ஆக்கிறலாம்னு பாத்தியா?"

மாமியார் குறுக்கே வந்தார். "மசக்கைங்க. கேட்டதக் குடுக்கலன்னா புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்ங்க."

"காதுல வடிஞ்சா மருந்து ஊத்தலாம்மா. புள்ள இருந்தாத்தான காது?"

மாமியார் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி பின்வாங்கினார். நான் பார்க்க அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா பிறகு பொறுமையாகச் சொன்னார். மூன்று மாதத்துக்குள் பிள்ளைக்குக் கை, கால், இருதயம் எல்லாம் உருவாகிவிடும். அதற்குப் பிறகு அது வளர வேண்டும். வளர ரத்தம் வேண்டும். வயிற்றுக்குள் போன மண், சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. சத்து குறைந்தால் மண் ஆசை இன்னும் கூடும். இப்படியே போனால் பிள்ளையும் தங்காது, பிரசவத்தில் ரத்தம் போனால் தாயையும் காப்பாற்றுவது கஷ்டம்.

முதல் கருவைப் பற்றிக் கேட்டேன். "மூணாம் மாசம் கலையறதுக்கும் பழத்துக்கும் சம்பந்தம் இல்லப்பா. அநேகமா கரு சரியா உருவாகலன்னா தானா கலைஞ்சிடும்" என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் இடுப்பில் இரும்புச் சத்து ஊசி. குத்திய இடம் கறுத்துப்போனது. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து. முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஆட்டு ஈரல். நான் கம்பெனிக் குழாயிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"அந்தச் சட்டையவாச்சும் குடுங்க, மோந்துட்டுத் தரேன்" என்பாள்.

"தர மாட்டேன்."

"கல்நெஞ்சுக்காரரு."

"ஈரல் ஆறுது, தின்னு."

இரண்டு வாரம் அழுதாள். மூன்றாவது வாரம் கேட்கவில்லை. வயிறு ஏறியது.

ஒன்பதாம் மாதம் ஒரு நாள் காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. அசைவு குறைந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எங்களோடேயே தங்கிவிட்டிருந்த மாமியார் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். ரிக்‌ஷாவில் போனோம்.

டாக்டரம்மா புனல் மாதிரி ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்தார். இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். சவரியம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் சிவந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"இங்க வா. காத வையி" என்றார்.

வைத்தேன். முதலில் என் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு வெகுதூரத்தில், துணிக்குள் சுற்றிய கடிகாரம் மாதிரி, வேகமாக. நிமிடத்துக்கு நூற்றிருபதிலிருந்து நூற்றறுபது வரை இருக்கலாம், இது நூற்று நாற்பது என்றார். நான் எண்ணவில்லை. எனக்கு எண்ண வரவில்லை. நிமிர்ந்தபோது மாமியார், "எனக்கு ஒரு தடவ" என்று தலைமுக்காட்டை விலக்கிக்கொண்டு நின்றார்.

பத்து நாள் கழித்து, மத்தியானம், பெண் பிறந்தாள். இரண்டேகால் கிலோ. சின்னதுதான். ஆனால் நன்றாக அழுதாள்.

உங்கள் வீட்டிலும் மாசமாக இருக்கிற பெண் மண்ணோ, சாம்பலோ, பச்சரிசியோ தின்றால் திட்டாதீர்கள். ஒளிக்கவும் விடாதீர்கள். கீழ்க் கண்ணிமையை இழுத்து, உள்ளே வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். அது ஆசை மட்டும் இல்லை, உடம்பு எதையோ கேட்கிறது. அது எது என்று டாக்டரிடம் கேளுங்கள். அன்பாகத்தான் நான் கொடுத்தேன். அன்பு மட்டும் போதவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு சவரியம்மா தேற மூன்று மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். கை வயிற்றின் மேல் இருந்தது. முகம் மாறியிருந்தது.

குனிந்து, "என்னம்மா?" என்றேன்.

"காலையிலேர்ந்து அசையலீங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தவளாக என் தோளைப் பார்த்தாள். பிள்ளை என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தது.