இன்ஸ்பெக்டர் கேட்ட வர்க்கமூலம்

ராசிபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தற்காலிகக் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரமாகும். அது நிரந்தரமானால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று ஆட்டையாம்பட்டியில் மாமனார் பிடிவாதமாக இருந்தார். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மனைவியோடு சேர்ந்தாற்போல் பத்து நாள் இருந்ததில்லை. என்ன பிழைப்பு இது என்று எனக்கே வெறுத்துப் போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் வரும் தேதி தெரிந்ததும் நாலாம் பாரத்துப் பையன்களை ஒரு வாரம் வறுத்தெடுத்தேன். எல்லாரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். நானும் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தவன்தான். அதனால் இரண்டு கோவைகளைப் பெருக்குவதைக் கட்டம் போட்ட துண்டு மாதிரி கரும்பலகையில் வரைந்து காட்டினேன். நெடுக்கே ஓடும் பாவில் இரண்டு நிறம், குறுக்கே ஓடும் ஊடையில் இரண்டு நிறம். நெய்தால் நாலு கட்டம் விழும், நாலையும் கூட்டு. அதற்குப் பிறகு ஒரு பயலும் நடுக்கட்டங்களை விடவில்லை.

அன்றைக்கும் விடவில்லை. ரூட் ஐந்தோடு ஒன்றைக் கூட்டி, அதை அதனாலேயே பெருக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். முதல் பெஞ்சுக்காரன் போய், ஆறு கூட்டல் இரண்டு ரூட் ஐந்து என்று எழுதினான். அவர் தலையாட்டினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"தோராயமா எத்தனை? கிட்டத்துல இருக்கிற முழு எண்ணைச் சொல்லு."

"பதினொண்ணுங்க சார்."

இரண்டு ரூட் ஐந்து என்பது இருபதின் வர்க்கமூலம். நாலரையை நாலரையால் பெருக்கினாலே இருபதே கால் வந்துவிடும். ஆகவே அது நாலரைக்குக் கீழே, நாலுக்குப் பக்கம். ஆறும் நாலும் பத்து. மற்றவர்களைக் கேட்டார். வகுப்பு மொத்தமும் பதினொன்று என்றது.

"எப்படி?"

"நாலுக்கு மேல போயிருச்சுங்களே, அஞ்சுன்னு வெச்சுக்கோணுமுங்க. நூலைக் கொறச்சுப் போட்டா பாதியில தறி நின்னுருமுங்க. மிஞ்சுனா ஒண்ணுமில்லீங்க."

அடப்பாவி, குடியைக் கெடுத்தாயே என்று உள்ளுக்குள் கத்தினேன். "நான் இப்படிச் சொல்லித்தரலை சார்," என்றேன். அவர் என் பாடக்குறிப்பு நோட்டை எடுத்துப் புரட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். ரூட் பத்து, ஏறக்குறைய நாலு. ரூட் பதினெட்டு, ஏறக்குறைய ஐந்து. பக்கம் பக்கமாக என் கையெழுத்து. எழுதும்போது ஓர் இடத்தில்கூட எனக்கு உறுத்தவில்லை.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடி வைத்தார். அடுத்த பரிசோதனைவரை தற்காலிகமாகவே இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மாமனார் பஸ்ஸில் வந்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"புள்ள தெனமும் கேக்குதுங்க மாப்ள. இன்னும் எத்தன மாசமாவுமுங்க?"

பதினாலு மாதத்துக்குக் குறையாது என்று ஹெட்மாஸ்டர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

"ஆறு மாசமுங்க மாமா," என்றேன்.