மெயிலிங் லிஸ்ட்டுக்கு ஐந்து ஓனர்கள்

நாகர்கோவிலில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மெயிலிங் லிஸ்ட்டைப் பார்த்துக்கொள்வது நான். வேலைதான் என்னுடையது. ஓனர் என்ற பட்டம் கமிட்டியில் ஐந்து பேருக்கும் வேண்டுமாம். கொடுத்துத் தொலைத்தேன்.

யாராவது லிஸ்ட்டை விட்டு விலகினால் ஓனர்கள் எல்லோருக்கும் தானாக ஒரு மெயில் போகும்.

இன்று காலை என்னோடு படித்த ஸ்டெல்லா விலகினாள். மதியத்துக்குள் ஐந்து பேரும் அவளுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டார்கள். அதில் ஒருவர் அவள் வீட்டுக்காரரையே கூப்பிட்டு, "வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டிருக்கிறார்.

ஸ்டெல்லா அழாத குறையாக என்னிடம் சொன்னாள்: "தெனமும் வார குட்மார்னிங் படம் தாங்காமத்தான் வெலகுனேன் மக்கா. அதுக்கு இப்பிடியா?"

எனக்குக் கூசிவிட்டது. ஓனர்களுக்குப் போகும் அந்த விலகல் மெயிலையே நிறுத்திவிட்டுச் சங்கச் செயலாளரிடம் சொன்னேன்.

"யாரு போறான்னு நமக்குத் தெரியாண்டாமா? பின்ன என்னத்துக்குடே நான் ஓனர்? மரியாதையா அத ஆன் பண்ணு."

குரலில் துளி வெட்கம் இல்லை. சீ!

ஆன் செய்துவிட்டேன். கையோடு நானும் விலகிவிட்டேன்.

உங்களில் யாருக்காவது போன் வந்தால், எங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று சொல்லிவிடுங்கள்.